தண்டர்பேர்டில் உங்கள் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

கணினியில் ஒரு மின்னஞ்சல் செயலியை நிறுவி, முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் கடிதங்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. நம் கணினிக்கு வந்துவிட்டன, இனிப் பத்திரம் என்று பலரும் அத்தோடு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பது, கணக்கைச் சேர்க்கும்போது கண்ணில் பட்டும் படாமலும் கடந்து போன ஒரு தேர்வைப் பொறுத்தது. மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியான சர்வரிலிருந்து கடிதங்களை எடுப்பது ஐமேப் முறையிலா, பாப் முறையிலா என்ற தேர்வுதான் அது.

இங்கே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் செயலி தண்டர்பேர்டு. மொசில்லாவின் வெளியீடு, 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நம் கடிதங்களை எந்தக் கோப்பில், எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. கோப்புறையைத் திறந்து நாமே பார்த்துக்கொள்ளலாம். காப்புப் பிரதி எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை.

பாப் முறை 1980-களில் உருவானது. இணைய இணைப்பு கொஞ்ச நேரமே கிடைக்கும், சர்வரில் இடமும் சொற்பம் என்ற நிலைக்கு ஏற்ற முறை அது. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள், சர்வரில் இருப்பதை அழித்துவிடு என்பதுதான் அதன் அடிப்படை. ஐமேப்பை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். அதில் மூலப் பிரதி சர்வரிலேயே தங்கிவிடும். கணினியிலும் கைப்பேசியிலும் நாம் பார்ப்பது அந்த மூலத்தின் நகல். கைப்பேசியில் ஒரு கடிதத்தைப் படித்தால் கணினியிலும் அது படித்ததாகக் காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

ஆக, பாப் கணக்கில் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானால் கடிதங்கள் போய்விடலாம். சர்வரிலும் ஒரு பிரதியை விட்டுவைக்கச் சொல்லும் அமைப்பு தண்டர்பேர்டில் உண்டு. எத்தனை நாள் விட்டுவைப்பது என்றும் அதில் குறிக்கலாம். ஐமேப் கணக்கில் ஹார்டு டிஸ்க் போனாலும் கவலையில்லை, சர்வரில் மூலம் இருக்கிறது. ஆனால் சர்வரில் அழிந்தால் உங்கள் கணினியில் இருக்கும் நகலும் அடுத்த இணைப்பிலேயே அழிந்துவிடும். நீங்கள் கைதவறி அழித்தாலும், கடவுச்சொல்லைத் திருடியவர் அழித்தாலும் தண்டர்பேர்டுக்கு வேறுபாடு தெரியாது. சர்வர் சொன்னதை அது அப்படியே கேட்கும். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. மின்னஞ்சலை இழந்தவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தவர்கள்.

உங்கள் கணக்கு எந்த வகை என்று தெரியவில்லையா? அக்கவுண்ட் செட்டிங்ஸ் பக்கத்தில் சர்வர் செட்டிங்ஸைத் திறந்தால் முதல் வரியிலேயே வகை எழுதியிருக்கும். போர்ட் எண் 993 என்றிருந்தால் பெரும்பாலும் ஐமேப், 995 என்றிருந்தால் பாப்.

கோப்புறையைத் திறந்து பார்ப்போம்

தண்டர்பேர்டு நமக்காகச் சேமிக்கும் எல்லாமே ப்ரொஃபைல் என்ற ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால், ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்கு எதிரே அதைத் திறக்கும் பொத்தான் இருக்கும். பொருளில்லாத சில எழுத்துகளும் எண்களும் சேர்ந்து தொடங்கும் பெயரைப் பார்த்து ஏதோ தற்காலிகக் கோப்புறை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். செயலியை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கி நிறுவிக்கொள்ளலாம். இந்தக் கோப்புறை போனால் போனதுதான்.

உள்ளே 'மெயில்' என்றொரு கோப்புறை இருக்கும். பாப் கணக்குகளின் கடிதங்களும், 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இடப்பக்கப் பட்டியலின் அடியில் தெரிகிறதே, அதன் கடிதங்களும் இதில் இருக்கும். 'ஐமேப்மெயில்' என்பது ஐமேப் கணக்குகளின் நகல்களுக்கான இடம். முகவரிப் புத்தகம் தனிக் கோப்பு. சேமித்த கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும், அவற்றைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. தேடலுக்கான பெரிய அட்டவணைக் கோப்பு ஒன்றும் உண்டு; அது தொலைந்தாலும் பாதகமில்லை, தண்டர்பேர்டு மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

'மெயில்' கோப்புறைக்குள் 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு கோப்பைக் காண்பீர்கள். உங்கள் இன்பாக்ஸில் உள்ள அத்தனை கடிதங்களும் அந்த ஒரே கோப்பில்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்திலிருந்து வரும் இந்த வடிவத்துக்கு எம்பாக்ஸ் என்று பெயர். வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில்கூடத் திறக்கும். பக்கத்தில் அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருப்பது பொருளடக்கம் மாதிரி ஒரு சிறு கோப்பு. பட்டியலில் கடிதம் இருக்கிறது, திறந்தால் வேறு கடிதம் வருகிறது என்றால் இந்தப் பொருளடக்கம் குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். கோப்புறையின் ப்ராபர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் பொத்தானை அழுத்தினால் அது புதிதாக எழுதப்படும்.

எம்பாக்ஸை மளிகைக் கடைப் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தை அழித்தால் அந்தப் பதிவின் மேல் கோடு போடப்படுகிறது, பக்கம் கிழிக்கப்படுவதில்லை. அதனால்தான் ஆயிரம் கடிதங்களை அழித்த பிறகும் கோப்பின் அளவு குறையாமல் நிற்கிறது. கோப்புறையின் மேல் வலச் சொடுக்கு செய்து 'கம்பாக்ட்' என்பதைக் கொடுக்கும்போதுதான், கோடு போடாத பதிவுகள் மட்டும் புதுப் பேரேட்டில் எழுதப்பட்டுப் பழையது தூக்கி எறியப்படுகிறது. குறிப்பிட்ட அளவு இடம் மிச்சமாகும் என்றால் தண்டர்பேர்டே இதைச் செய்யும். அது நடந்துகொண்டிருக்கும்போது கணினியை அணைப்பது நல்லதல்ல. இந்த ஏற்பாட்டில் ஒரு மறைமுக விளைவும் உண்டு: கம்பாக்ட் நடக்கும்வரை, அழித்த கடிதத்தின் வாசகம் கோப்பில் அப்படியே கிடக்கும். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்பாக்ஸைப் பெருக்க விடாதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது ஒழுங்குக்காக மட்டுமல்ல. எல்லாமே ஒரே கோப்பு என்பதால், ஒரு கடிதத்தோடு வந்த தீய இணைப்புக் கோப்பைக் கண்ட வைரஸ் தடுப்பு மென்பொருள் இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் சிறையில் வைத்துவிடக்கூடும். மறுநாள் தண்டர்பேர்டைத் திறந்தால் இன்பாக்ஸ் வெறிச்சோடிக் கிடக்கும். கடிதங்களை வெவ்வேறு கோப்புறைகளுக்கு நகர்த்தி வைத்திருப்பவருக்கு அந்த இழப்பு சிறியது.

நகர்த்துவதற்குச் சுருக்கு வழி ஆர்க்கைவ். கடிதத்தைத் தேர்ந்தெடுத்து ஆங்கில 'ஏ' விசையைத் தட்டினால், அது ஆண்டுவாரியான கோப்புறைக்குப் போய்விடும். அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஐமேப் கணக்கில் வழக்கமாக அது சர்வரிலேயே இருக்கும். எனவே சர்வரில் இடம் மிச்சமாகாது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' பகுதிக்குப் போய் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று மாற்றினால், அதன்பின் ஆர்க்கைவ் செய்யும் கடிதங்கள் கணினிக்கு வந்துவிடும். வந்ததும் சர்வரில் இருக்காது. ஜிமெயிலின் 15 ஜிபி இடம் படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்துத்தான். நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் வராது. அந்த நெருக்கடியில் இது உதவக்கூடும். ஆனால் அந்த நொடி முதல் அந்தக் கடிதங்களுக்கு உங்கள் ஹார்டு டிஸ்க் ஒன்றுதான் கதி. காப்புப் பிரதி எடுக்காமல் இதைச் செய்யக் கூடாது.

இடத்தை விழுங்குவது பெரும்பாலும் இணைப்புகள்தான். மின்னஞ்சலில் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. இதனால் 9 எம்பி படம் ஏறக்குறைய 12 எம்பி ஆகிவிடும். இணைப்பை 'டிடாச்' செய்தால் அது தனிக் கோப்பாகச் சேமிக்கப்பட்டு, கடிதத்திலிருந்து நீக்கப்படும். கடிதம் மட்டும் மெலிந்து நிற்கும். வங்கி, நீதிமன்றம் தொடர்பான கடிதங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். வந்த கடிதம் வந்தபடியே இருப்பதற்குத்தான் அங்கே மதிப்பு.

வடிகட்டிகள், நிறக் குறிகள் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மின்கட்டண ரசீது வந்தால் ரசீதுக் கோப்புறைக்குப் போ என்கிற மாதிரி விதிகளை டூல்ஸ் மெனுவின் மெசேஜ் ஃபில்டர்ஸில் எழுதி வைக்கலாம். 1 முதல் 5 வரை எண் விசைகளைத் தட்டினால் குறிச்சொல் ஒட்டிக்கொள்ளும். பழகிவிட்டால் கோப்புறைகளை அடுக்கிக்கொண்டே போவதைவிடக் குறிச்சொல்லும் தேடலுமே போதும் என்பது என் கட்சி. குப்பைத் தொட்டியையே பெட்டகமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அங்கே போய்த் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தொட்டியைத் தானாகக் காலி செய்யும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அது யார் கண்ணிலும் படாமல் இயங்கும்.

முகவரிகள்

முகவரிப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று நீங்களாகச் சேர்ப்பது. மற்றது 'கலெக்டட் அட்ரசஸ்': நீங்கள் யாருக்கெல்லாம் கடிதம் அனுப்புகிறீர்களோ அவர்களின் முகவரிகள் தாமாக வந்து விழும் இடம். முகவரியைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் தண்டர்பேர்டு பெயர்களை எடுத்துக் கொடுப்பது இரண்டிலிருந்தும்தான். பத்தாண்டுக்கு முன் ஒரே ஒருமுறை எழுதிய, இன்று யாரும் பார்க்காத முகவரியும் அதில் இருக்கும். ஒரே பெயரில் மூன்று முகவரிகள் இருந்தால் முதலில் வருவதைச் சொடுக்கி அனுப்பிவிடுவோம்; கடிதம் எங்கோ போய்ச் சேரும். இந்தப் புத்தகத்தை அவ்வப்போது களையெடுத்து, வேண்டியவர்களை முதல் புத்தகத்துக்கு மாற்றிவிட்டு, தானாகச் சேர்க்கும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவிடுவது நல்லது.

முகவரிகளை வெளியே எடுக்க ஏற்றுமதி வசதி இருக்கிறது. சிஎஸ்வி, விகார்டு என்ற இரண்டு வடிவங்களைத் தெரிந்துகொண்டால் போதும். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணை. விகார்டு ஆளுக்கொரு முகவரி அட்டையாக எழுதும் முறை. கைப்பேசிகளும் இதைப் புரிந்துகொள்ளும்.

பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள் சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கு செய்து திறக்கக் கூடாது. கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாக எழுதிவைக்கும் ஒரு முறையில், இருக்கும். எக்செல் அதை வேறொன்றாக எண்ணிக்கொண்டால் முருகேசனும் மீனாட்சியும் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகிவிடுவார்கள். அந்த நிலையில் 'சேவ்' கொடுத்தால் மீட்பது பெரும் பாடு. தொலைபேசி எண்களுக்கும் ஆபத்து உண்டு. சென்னை எண்ணின் 044-இல் முன்னால் நிற்கும் சுழியம் காணாமல் போகும். 91-இல் தொடங்கும் பன்னிரண்டு இலக்கக் கைப்பேசி எண், நடுவில் புள்ளியும் ஆங்கில 'ஈ'யும் கொண்ட அறிவியல் குறியீடாகச் சுருங்கும். எக்செலில் 'டேட்டா' மெனு வழியாக எழுத்துக் கோப்பை இறக்குமதி செய்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றும், எண் உள்ள நெடுவரிசை எழுத்து வகை என்றும் குறித்தால் இந்தச் சிக்கல் வராது. லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்டுவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலைக்கு அதைச் சிபாரிசு செய்வேன்.

பழைய கைப்பேசியிலிருந்து எடுத்த விகார்டு கோப்பில் தமிழ்ப் பெயருக்குப் பதிலாக சமக்குறியும் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வருகின்றனவா? பயம் வேண்டாம். 2.1 பதிப்பு விகார்டு தமிழை அப்படித்தான் மூட்டை கட்டும். இறக்குமதி செய்யும் மென்பொருள் அவிழ்த்துக்கொள்ளும்.

தமிழ் என்றதும் இன்னொன்று. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவுவதற்கு முன், திஸ்கி, டேப் போன்ற குறியாக்கங்களில் எழுதிய கடிதங்கள் சிலரிடம் இன்னும் இருக்கும். அவை இன்று கிறுக்கலாகத் தெரிவதால் கெட்டுப்போய்விட்டன என்று அழித்துவிடாதீர்கள். கடிதத்தின் எழுத்துகள் அப்படியேதான் இருக்கின்றன. எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் படிக்கலாம்.

ஜிமெயில் போன்ற கணக்குகளின் தொடர்புகளை, முகவரிகளைச் சர்வரோடு ஒத்திசைக்கும் கார்ட்டேவ் என்ற முறையில் தண்டர்பேர்டோடு இணைக்கவும் முடியும். 2021-இல் வந்த 91-ஆம் பதிப்பு முதல் இந்த வசதி உள்ளே இருக்கிறது. இதுவும் ஒத்திசைவுதான். கைப்பேசியில் ஒரு பெயரை அழித்தால் இங்கேயும் அழியும். எனவே அவ்வப்போது ஒரு விகார்டு கோப்பாக ஏற்றுமதி செய்து தனியே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முகவரிப் புத்தகம்கூடச் சில எம்பியில் அடங்கிவிடும்.

காப்புப் பிரதி

சுருக்கமான வழி, டூல்ஸ் மெனுவில் இருக்கும் 'எக்ஸ்போர்ட்'. கணக்குகள், கடிதங்கள், முகவரிகள், அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். ஆனால் ப்ரொஃபைல் 2 ஜிபிக்கு மேல் போனால் இது உதவாது. சில ஆண்டுகளாக மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் அந்த எல்லையை எளிதில் தாண்டியிருப்பார்கள்.

அவர்களுக்கான வழி, ப்ரொஃபைல் கோப்புறையை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. முதலில் தண்டர்பேர்டை மூட வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்தால், பாதி எழுதிய நிலையில் உள்ள கோப்புகள் நகலாகக்கூடும். இதே காரணத்துக்காகத்தான், புழக்கத்தில் இருக்கும் ப்ரொஃபைலை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைகளுக்குள் வைப்பதும் ஆகாது.

பென் டிரைவில் எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிரைவில் போதுமான இடம் இருந்தும் 'கோப்பு பெரிதாக இருக்கிறது' என்று கணினி மறுத்தால், அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எம்பாக்ஸ் என்பது கோப்புறைக்கு ஒரே கோப்பு என்பதால், பெருத்துப்போன இன்பாக்ஸ் இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது அதில் உள்ளதெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஐமேப் கணக்குக்காரர்கள் நகலெடுக்கும் முன் அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ்' பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும். 'இந்தக் கணக்கின் கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திரு' என்ற கட்டத்தில் குறி இல்லையென்றால், கணினியில் இருப்பது பெரும்பாலும் தலைப்புகள் மட்டுமே. அதைக் காப்புப் பிரதி எடுத்தால், யார் எப்போது எதைப் பற்றி எழுதினார்கள் என்ற பட்டியல் மிஞ்சும். என்ன எழுதினார்கள் என்பது மிஞ்சாது. அதன் அருகிலேயே, அண்மைக் கடிதங்களை மட்டும் இறக்குவதா எல்லாவற்றையுமா என்ற கேள்வியும் இருக்கும். எல்லாவற்றையும் என்று குறித்து, முழுவதும் இறங்கி முடியும்வரை பொறுத்து, அதன் பிறகு நகலெடுங்கள்.

இப்படி எடுத்த பிரதியில் உங்கள் கடவுச்சொற்களும் அவற்றின் சாவியும் சேர்ந்தே இருக்கின்றன. சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் ப்ரைமரி பாஸ்வேர்டைத் தண்டர்பேர்டில் வைக்காதவர் என்றால், அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துப் போகிறவர் உங்கள் மின்னஞ்சலுக்குள் தாராளமாக நுழையலாம். ப்ரைமரி பாஸ்வேர்டு வைத்துவிட்டு நகலெடுப்பதோ, டிஸ்க்கையே மறையாக்கம் செய்வதோ அவசியம்.

எத்தனை பிரதி வேண்டும்? புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரப்பிய 3-2-1 கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கணினியில் இருப்பது ஒன்று, அலமாரியில் இருக்கும் வெளி டிஸ்க் ஒன்று, வெளியூரில் இருக்கும் தம்பி வீட்டில் ஒன்று என்றால் கணக்கு சரி. புதுப் பிரதி எடுக்கும்போது பழையதன் மேலேயே எழுதாமல், தேதியிட்ட தனிக் கோப்புறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு முன் அழிந்த கடிதம் இன்றுதான் நினைவுக்கு வரும். நேற்றைய பிரதி மட்டும் கையில் இருந்தால் அதில் அந்தக் கடிதம் இருக்காது.

புதுக் கணினியில் மீட்பதற்கு, பழையதில் இருந்த அதே பதிப்பையோ அதைவிடப் புதியதையோ நிறுவுங்கள். புதிய பதிப்பில் புழங்கிய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். நகலெடுத்த கோப்புறையைக் கணினியில் ஓரிடத்தில் வைத்து, ப்ரொஃபைல் மேனேஜரில் புது ப்ரொஃபைல் உருவாக்கும்போது அந்தக் கோப்புறையைக் காட்டினால் பழைய வீடு அப்படியே திறக்கும்.

சர்வரில் கடிதங்கள் அழிந்துபோனதால்தான் மீட்கிறீர்கள் என்றால் ஒரு படி கூடுதலாக வேண்டும். தண்டர்பேர்டைத் திறப்பதற்கு முன் வைஃபையை அணைத்து, கேபிள் இருந்தால் கழற்றிவிடுங்கள். இணைப்போடு திறந்தால் அது சர்வரைக் கேட்கும். சர்வர் 'கடிதம் இல்லை' என்று சொல்லும். மீட்டு வந்ததையும் தண்டர்பேர்டு அழிக்கத் தொடங்கிவிடும். இணைப்பில்லாத நிலையில் வேண்டிய கடிதங்களைத் தேர்ந்தெடுத்து லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் நகலெடுங்கள். நகர்த்த வேண்டாம், நகலெடுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று இரண்டொரு கடிதங்களைத் திறந்து பார்த்த பிறகு வைஃபையை மறுபடி போடலாம்.